பார்க்கர் கையெழுத்துப் போட்ட பெல்ட்டுகள்

என் பிரியமான தொரைக்கு,

நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. இத்தனை நாள் கழித்து எழுத உட்கார்ந்தவன் சுற்றி வளைத்துப் பேசுவது நன்றாக இருக்காது. நேராக விஷயத்துக்கு வருகிறேன். உயரத்தில் வேலை செய்கிறவர்கள் மாட்டுகிற சேஃப்டி பெல்ட்டில், நீங்கள் வேண்டாம் என்று சொன்ன அந்த நாற்பதையும் நான் விற்றுவிட்டேன். நீங்கள் கையெழுத்துப் போட்ட டேக்கைக் கட்டித்தான் விற்றேன். முப்பத்தொன்று திரும்பி வந்துவிட்டது. மீதி ஒன்பது எந்தெந்த ஊருக்கோ, யார் யார் உடம்புக்கோ போய்விட்டது.

இதை நம் ஊர்க்காரர்கள் இங்கே நடத்தும் மாத இதழில் போடச் சொல்லிக் கொடுக்கிறேன். உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் படிக்க நீங்கள் இல்லை. படிக்க வேண்டியவர்கள் வேறு சிலர். ஆனால் முதலில் உங்களிடம் சொல்லாமல் அவர்களிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

உங்களைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயர் லெஸ்லி. இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊரில் பஸ் டிரைவர் மகன். பத்தொன்பது வயதில் ஒரு நாடகக் கொட்டகையில் திரை இழுக்கப் போனீர்கள். நடிக்க வேண்டியவன் ஒருநாள் காய்ச்சலில் படுத்துக்கொள்ள, அவன் சட்டையைப் போட்டு உங்களை மேடையில் தள்ளிவிட்டார்கள். அதன்பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் டி.வி. நாடகங்கள்தான். போலீஸ்காரர், பாதிரியார், ரயில்வே கார்டு, நீதிபதி, பங்களாவில் கதவு திறந்துவிடுகிற வேலைக்காரர். ஒரு தொடரில் பிணமாகப் படுத்து, மூச்சு விட்டதற்காக டைரக்டரிடம் திட்டு வாங்கியதைக்கூடப் பெருமையாகச் சொல்வீர்கள். ஒரு தடவைகூட ஹீரோ இல்லை. உங்கள் பெயர் கடைசியில் ஓடும்போது ஜனங்கள் டீ போட எழுந்து போய்விடுவார்களாம்.

முகம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். யார் என்றுதான் தெரியாது. துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் உங்கள் ஊர் அம்மா ஒருத்தி வழிமறித்து, "உங்களை எங்கேயோ பார்த்திருக்கிறேனே, எங்கள் பாங்க் மேனேஜரா நீங்கள்?" என்று கேட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். நீங்கள் கண் இமைக்காமல், "ஆமாம் மேடம், உங்கள் விண்ணப்பம் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது" என்றீர்கள். அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டுப் போனாளே, ஞாபகம் இருக்கிறதா?

மனைவி தவறியபின் மகளோடு இருக்க இங்கே வந்தவர் நீங்கள். மகள் பள்ளிக்கூட வேலையை விட்டு நியூசிலாந்துக்குப் போனபோது நீங்கள் போகவில்லை. துபாயைவிட இந்த அஜ்மானில் வாடகை குறைவு, குளிர் இல்லை, முழங்கால் வலிக்கவில்லை என்று காரணம் சொன்னீர்கள். என் சேஃப்டி சாமான் கடைக்குப் பின்னால் இருக்கும் கட்டடத்தில் மூன்றாவது மாடி.

முதல் நாள் சேஃப்டி ஷூ வாங்க வந்தீர்கள். ஏதோ கம்பெனியின் பயிற்சிப் படத்தில் சைட் இன்ஜினீயராக நடிக்க வேண்டுமாம். படப்பிடிப்பு எப்போது என்று கேட்டேன். அடுத்த வாரம் என்றீர்கள். "அதுக்கு இப்பவே எதுக்கு?" என்றேன். ஒரு வாரம் போட்டு நடந்தால்தான் இன்ஜினீயர் எப்படி நடப்பான் என்று கால் சொல்லும் என்றீர்கள். கடையில் நிற்கும் முத்து என் காதில், "அண்ணாச்சி, தொரைக்கு வெயிலு ஒத்துக்கிடல போல" என்றான். அன்றைக்கு வைத்த பெயர்தான் தொரை. அர்த்தம் கேட்டீர்கள். முதலாளி மாதிரி என்று சொன்னேன். வாழ்நாள் முழுக்கத் துரைகளுக்குக் கதவு திறந்துவிட்டவன் நான் என்று சிரித்தீர்கள். எல்லோரும் கூப்பிடுவதைக் கேட்டு என்னை அண்ணாச்சி என்றீர்கள். உங்களைவிட இருபது வயது சின்னவன் நான். அதைச் சொன்னபிறகும் மாற்றிக்கொள்ளவில்லை.

இனி என் கதை. ஹார்ட்வேர் கடையில் மூட்டை இறக்க வந்தவன் நான். இருபத்தேழு வருஷம் ஆகிறது. எந்த ஷூ எந்தத் தரையில் வழுக்கும் என்று அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தே சொல்வேன். ஆனால் பெரிய கம்பெனி கேட்டில் போய் நின்றால், "பாய், கேட் பாஸ் எங்கே?" என்று வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திவைப்பார்கள். உள்ளே போனாலும் பர்ச்சேஸ் மேனேஜர் தலை நிமிர மாட்டார். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தால் கதையே வேறு. கேட் திறக்கும், டீ வரும், நான் சொல்வதையே அவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். இது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை. இங்கே கடை வைத்திருக்கிற பாதிப்பேர் செய்கிற வேலைதான்.

உங்களைக் கூட்டிக்கொண்டு போனேன். விசிட்டிங் கார்டில் டெக்னிக்கல் அட்வைசர், மிஸ்டர் பார்க்கர் என்று அச்சடித்தேன். சொந்தப் பெயர் வேண்டாம் என்றது நீங்கள்தான். கோட் போட்டு உட்கார்ந்து தலையாட்டினால் போதும் என்று நான் சொன்னபோது நீங்கள் கேட்ட கேள்விகள் இருக்கின்றனவே! பார்க்கருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? முன்னால் எங்கே வேலை பார்த்தார்? உயரத்திலிருந்து யாராவது விழுந்ததை நேரில் பார்த்திருக்கிறாரா? "அவரு யாரா இருந்தா என்ன? ஆர்டர் வந்தாச் சரி" என்று சொன்னேன்.

நீங்கள் விடவில்லை. கடைக்குச் சரக்கோடு வரும் விவரப் புத்தகங்களையெல்லாம் எடுத்துப்போய்ப் படித்தீர்கள். ஒருநாள் காலை குடோனுக்குள் வந்தால், நீங்கள் பெல்ட்டை மாட்டிக்கொண்டு இரும்பு உத்தரத்தில் தொங்குகிறீர்கள். எழுபத்தாறு வயது. முத்து கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாக நிற்கிறான். "அண்ணாச்சி, எறங்க மாட்டேங்காரு! கால் மணி நேரம் தொங்கினா தொடையில ரத்தம் எப்படி நிக்குன்னு பாக்கணுமாம்!" இறங்கியதும், கீழே ஆள் வந்து சேர்கிறவரை தொங்குகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டீர்கள். அவ்வளவு வருஷம் விற்றும் ஒரு தடவைகூட நான் அதை மாட்டிப் பார்த்ததில்லை.

வாடிக்கைக்காரர் ஒருவர் பெல்ட்டில் சரிபார்த்த டேக் வேண்டும் என்று கேட்டார். சரிபார்க்கத் தகுதியான ஆள் போட வேண்டிய கையெழுத்து அது. நான் ஒரு கட்டு வெறும் டேக்கைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைத்தேன். தப்பு என்று எனக்கு அப்போதே தெரியும். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? இன்றுவரை அது எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் பேனாவை மூடிவைத்துவிட்டு, "ஒவ்வொரு பெல்ட்டையும் நான் பார்த்தபிறகுதான் டேக் கட்ட வேண்டும், சரியா?" என்றீர்கள். சரி என்றேன். அப்புறம்தான் போட்டீர்கள். நாற்பது வருஷத்தில் ஆட்டோகிராஃப் கேட்டு ஒருவரும் வந்ததில்லை, இங்கே ஒரே நாளில் இருநூறு என்று முத்துவிடம் கையை உதறிக் காட்டினீர்கள். நீல மையில், அடியில் ஒரு கோடு இழுத்து, பார்க்கர். கொஞ்ச நாள் சொன்னபடிதான் நடந்தது. நீங்கள் பார்க்காத பெல்ட் எதுவும் கடையைத் தாண்டவில்லை.

அப்புறம் அந்த ஆரஞ்சு பெல்ட்டுகள் வந்தன. புது சப்ளையர், மலிவு. ஷார்ஜாவில் ஒரு கம்பெனி மீட்டிங்குக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு நேராக வண்டியில் ஏறினோம். நீங்கள் அதை மேஜையில் வைத்து, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, தையலில் கட்டைவிரலை ஓட்டினீர்கள். இரண்டாம் தடவை ஓட்டினீர்கள். பிறகு அந்த மேனேஜரைப் பார்த்து, "இதில் நான் என் கோட்டைக்கூடத் தொங்கவிட மாட்டேன்" என்றீர்கள். மீட்டிங் அதோடு கலாஸ்.

திரும்பி வரும்போது வண்டியில் நான் கத்தியது பாதி ஆங்கிலம், பாதி தமிழ்.

"ஒங்கள யாரு பேசச் சொன்னா? தலைய ஆட்டத்தான கூட்டிட்டு வந்தேன்?"

"பார்க்கர் அந்த இடத்தில் சும்மா இருந்திருக்க மாட்டார், அண்ணாச்சி."

"பார்க்கர்னு ஒருத்தன் கெடையவே கெடையாது! நீங்க ஒரு கூத்தாடி. அத மொதல்ல ஞாபகத்துல வச்சுக்கிடுங்க."

கூத்தாடி என்றால் என்ன என்று கேட்டீர்கள். அதையும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அடுத்த சிக்னலில் ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கினீர்கள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினீர்கள். அதற்குப்பின் கடைக்கு வரவில்லை.

மூன்று மாடி, தொரை. லிஃப்ட்கூட இருக்கிறது. நான் ஏறி வரவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்தேன். முத்து மட்டும் உங்களுக்கு ரொட்டியும் முட்டையும் வாங்கிக்கொடுத்துவிட்டு வருவான். "தொரை ஒங்கள விசாரிச்சாரு அண்ணாச்சி" என்பான். சரி, சரி என்பேன்.

அந்தச் சமயத்தில்தான் சவுதியில், ஜுபைலில் ஒரு சின்ன காண்ட்ராக்டர் அவசரமாக நாற்பது பெல்ட் கேட்டார். குடோனில் அந்த ஆரஞ்சு பெல்ட் சரியாக நாற்பது கிடந்தது. மேஜை டிராயரில் நீங்கள் முன்பே கையெழுத்துப் போட்ட டேக் மீதி கிடந்தது. முத்துவை வெளியே ஒரு வேலையாக அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொன்றாக நானே கட்டினேன். வேறு யார் மேலும் பழி போட வழியே இல்லாமல் என் கையாலேயே செய்திருக்கிறேன்.

போன ரமலானுக்கு முந்தின வாரம் காலையில் உங்கள் கட்டடத்து வாட்ச்மேன் ஓடிவந்தான். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட வந்தேன். உங்களுக்குத் தெரியாது. நினைவு வரவே இல்லை. மகள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவளிடம் உங்கள் சிநேகிதன் என்று சொல்லிக்கொண்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கை என்ன செய்தது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

அதற்குப் பிறகும் நான் சும்மாதான் இருந்தேன். நல்லவன் வேஷம் போட விரும்பவில்லை, அதனால் சொல்கிறேன். நீங்கள் போன துக்கத்தில் எனக்கு ஒன்றும் புத்தி வந்துவிடவில்லை. புத்தி வந்தது மாரியப்பன் அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான்.

மாரியப்பனை உங்களுக்குத் தெரியும். சங்கரன்கோவில் பக்கத்து ஆள். அஜ்மானில் இருந்தபோது கடைக்கு வந்து உங்களோடு சுலைமானி டீ குடிப்பானே, அவன்தான். இப்போது ஜுபைலில் அந்தக் காண்ட்ராக்டரிடம்தான் சாரம் கட்டுகிற வேலை. இரண்டு மாதம் முன்பு வாட்ஸாப்பில் ஒரு படமும் ஒரு குரல் செய்தியும் வந்தது. படத்தில் ஆரஞ்சு பெல்ட். தோள்பட்டைத் தையல் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்து, அதன்மேல் மீன் வலை தைக்கிற மாதிரி நைலான் கயிற்றால் தைத்திருந்தது.

"அண்ணாச்சி, நல்லா இருக்கீங்களா? நம்ம தொரை பெல்ட்டு கொஞ்சம் தையல் விட்டுட்டு. சாஞ்சு நிக்கும்போது டப்புன்னு போச்சு. கீழ பலகை கெடந்துது, அதுல விழுந்தேன், முட்டிலதான் செராப்பு. நானே இறுக்கமாத் தச்சுட்டேன். அது ஒண்ணும் பிரச்சன இல்ல. டேக்குதான் கிழிஞ்சு போச்சு. தொரை கையெழுத்துப் போட்ட டேக்கு வேற ஒண்ணு இருந்தா யார்ட்டயாவது குடுத்து விடுங்க அண்ணாச்சி."

டேக் கேட்டான், தொரை. பெல்ட் கேட்கவில்லை.

பலகை அங்கே கிடந்திருக்காவிட்டால்? அந்தச் செய்தியை எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. உடனே அவனைக் கூப்பிட்டு, ஒருத்தரும் அதை மாட்டாதீர்கள் என்று சொன்னேன். காண்ட்ராக்டரையும் கூப்பிட்டு முழுக்க ஒப்புக்கொண்டேன். அவர் பேசியதை இந்த இதழில் அச்சடிக்க முடியாது. என்னிடம் இனி ஒரு கையுறைகூட வாங்க மாட்டார். நியாயம்தான். விசா கிடைத்ததும் நாற்பது புது பெல்ட்டோடு நானே ஜுபைலுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை. அவர்கள் தங்குகிற கேம்ப்பில் எல்லோரும் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். பழைய பெல்ட்டைக் கொடுங்கள், புதுசு தருகிறேன் என்றேன். ஒருத்தரும் அசையவில்லை.

"எதுக்கு அண்ணாச்சி? தொரை பாத்துக் கையெழுத்துப் போட்டது. மத்த கம்பெனில குடுக்கறத விட இது எவ்வளவோ மேல்" என்றான் ஒருவன்.

"ஊருக்குப் போறவன்கூட இத வேண்டியவனுக்குத்தான் குடுத்துட்டுப் போறான்" என்றான் இன்னொருவன். "போன் பண்ணி மாட்டாதீங்கன்னு சொல்லும்போதே நெனச்சேன், அண்ணாச்சி புதுச் சரக்கு எறக்கிட்டாருன்னு."

"காசு வேண்டாம்ப்பா, சும்மாதான் தாறேன்."

"அண்ணாச்சி சும்மா தாறாரா? அப்பம் கண்டிப்பா இதுல ஏதோ இருக்கு!" என்றான் மாரியப்பன். அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்திருக்கலாம். டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

தொரை இந்த பெல்ட்டைப் பார்த்து வேண்டாம் என்றார், நான்தான் டேக்கைக் கட்டினேன் என்று சொன்னேன். நம்பவில்லை. தொரை இன்ஜினீயரே இல்லை, நடிகர் என்றேன். அதையும் நம்பவில்லை. ஞாபகத்துக்காக உங்கள் மகள் முன்பே அனுப்பியிருந்த படத்துண்டுகளை போனில் போட்டுக் காட்டினேன். தலையில் உயரத் தொப்பியோடு போலீஸ்காரராக வந்து ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள். அடுத்ததில் பாதிரியார். அடுத்ததில் தட்டில் டீ கொண்டுவருகிறீர்கள். எட்டுப் பேர் ஒரு போனைச் சுற்றிக் குனிந்து பார்த்தார்கள். "ஏ, நம்ம தொரைல்லா!" என்று மாரியப்பன் சொல்ல, முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

மாரியப்பன் போனை என் கையில் திருப்பிக் கொடுத்தான். "அவரு நடிகரு, சரி. நீங்க யாரு அண்ணாச்சி?" என்று கேட்டான்.

அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து தன் பெல்ட்டை இழுத்துத் தரையில் போட்டான். மற்றவர்களும் கொண்டுவந்து போட்டார்கள். பக்கத்து அறைகளிலும் வாங்கினோம். முப்பத்தொன்று. எல்லாவற்றையும் அங்கேயே, அவர்கள் கண் முன்னால், நடுவில் வெட்டினேன். தையலில்தான் கத்தி சுலபமாக இறங்கியது.

மீதி ஒன்பதில் நான்கு, வேலை மாறி கத்தாரில் ராஸ் லஃபானுக்குப் போனவர்களின் பெட்டியில் போய்விட்டது. ஐந்து, ஊருக்குப் போனவர்கள் சிநேகிதர்களுக்குக் கொடுத்தது. அந்தச் சிநேகிதர்கள் யாரிடம் கொடுத்தார்களோ. உங்கள் பெயரால் கைமாறிக்கொண்டே போகிறது, தொரை. நல்ல பொருள் என்று நம்பித்தான் கொடுக்கிறார்கள்.

உங்கள் மகளுக்கும் எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அப்பா நடித்ததிலேயே அவருக்குப் பிடித்த வேஷம் பார்க்கர்தான், முதல் தடவையாகத் தன்னிடம் கேட்டுவிட்டுத்தான் எல்லோரும் அடுத்த காரியம் செய்கிறார்கள் என்று போனில் சொன்னார், அவ்வளவுதான் எழுதியிருந்தாள். அந்தச் சண்டைக்குப் பிறகும் அப்படிச் சொன்னீர்களா, அதற்கு முன்பா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இனி இதைப் படிக்கிற நம் ஆட்களுக்கு. உங்களிடமோ உங்கள் ரூமில் யாரிடமோ ஆரஞ்சு நிற பெல்ட், சாம்பல் நிறத் தையல், மஞ்சள் டேக்கில் நீல மையில் பார்க்கர் என்று கையெழுத்து, அடியில் ஒரு கோடு, இப்படி ஒன்று இருந்தால் அதை மாட்டாதீர்கள். தைத்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள். வெட்டிவிட்டு, இந்த இதழுக்கு ஒரு படம் அனுப்புங்கள். எந்த நாடாக இருந்தாலும் புதியதை நான் கொண்டுவந்து தருவேன். அந்தக் கையெழுத்துக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. ஏமாற்றியவன் நான். என் பெயர் கீழே இருக்கிறது.

தொரை, மாரியப்பன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் தேடுகிற வேலையை என்னைவிட அவன்தான் அதிகம் செய்கிறான். நேற்று அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. குவைத்தில் யாரோ ஒருவர், முகம் தெரியவில்லை, இரண்டாக வெட்டிய ஆரஞ்சு பெல்ட்டைக் கையில் தூக்கிப் பிடித்திருக்கிறார். கீழே மாரியப்பன் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தான்: எட்டு.

வரும் வியாழக்கிழமை தோஹா போகிறேன். ராஸ் லஃபானில் அந்த நான்கு பேரும் எந்த கேம்ப் என்று தெரிந்துவிட்டது. மற்ற நான்கையும் தேடுவேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற இரண்டாவது வாக்கு. முதல் வாக்கை மீறியவன் சொல்வதை ஏன் நம்ப வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நம்ப வேண்டாம். எட்டும் என் கையில் வரட்டும்.

மூன்று மாடி ஏறி வராத உங்கள் தம்பி,
தங்கராசு
அஜ்மான்